வேன் மாமாவுக்கு வந்தது

பழைய பள்ளி வேன் பிள்ளைகள் எல்லாரையும் தேடிப்பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஒருத்தி டொரொன்டோவில், ஒருவன் மெல்பேர்னில், சிலர் இன்னும் கொழும்பில், அதே கொட்டாஞ்சேனையில். எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, எல்லாருக்கும் முழங்கால் வலி, பாதிப்பேருக்குச் சீனி வருத்தம். போன கிழமை ஒருவர் அந்தப் படத்தைப் போட்டிருந்தீர்கள். நீலமும் வெள்ளையுமான வேன், அதன் முன்னால் சீருடையோடு நாங்கள், ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு என் அப்பா. கீழே ஒருவர் எழுதியிருந்தீர்கள்: "வேன் மாமா பாவம். காக்கா வலிப்பிலதானே மோசம் போனவர்?"

இல்லை. அப்பா எழுபது தாண்டி வாழ்ந்து, சீனி வருத்தத்தில் சிறுநீரகம் கெட்டு, வீட்டுக் கட்டிலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது போனார். அவருக்கு வந்தது காக்கா வலிப்பும் இல்லை. அது என்னவென்று அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் வீட்டுக்கே தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. குழுவில் இரண்டு வரி தட்டிச் சொல்லக்கூடிய விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

அந்த வேன் உங்களுக்கு மறந்திருக்காது. நடு சீட்டின் ரெக்சின் கிழிந்து மஞ்சள் பஞ்சு வெளியே தெரியும். அதை நுள்ளி எடுத்து ஒருவர் தலையில் ஒருவர் போடுவோம். மழை நாளில் ஈரச் சப்பாத்தும் பெற்றோலும் யாரோ பையில் மறந்துவிட்ட வாழைப்பழமும் சேர்ந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் எங்காவது நனைந்த சப்பாத்து மணம் வந்தால் நான் அந்த சீட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். முன்னால் சின்ன மாதா சுரூபம், அதன் காலடியில் டொபி போட்ட தகரப் பேணி. அழுகிற பிள்ளைக்கு மட்டும்தான் டொபி. டொபிக்காகவே அழுதவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், பெயர் சொல்லமாட்டேன்.

அப்பா அதிகம் கதைக்கமாட்டார். வேனில் அவர் வாயிலிருந்து வருவது ஒன்றிரண்டு வசனம்தான். "கையை உள்ள எடு." "கதவில சாயாத." பிறகு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வாசலிலும்: "நான் வந்து திறக்கும் மட்டும் ஒருத்தரும் இறங்கப்படாது." மற்ற வேன்காரர்கள் சீட்டில் இருந்தபடியே கத்திப் பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். அப்பா எஞ்சினை நிறுத்தி, இறங்கி, வேனைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, பிள்ளையைக் கையில் பிடித்துக் கேற்றுக்குள் விட்டுத்தான் திரும்புவார். வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று நாம் முணுமுணுப்போம்.

வீட்டிலும் அதே மனிதர்தான். அம்மா என்ன கேட்டாலும் "ஒண்டுமில்ல" என்பார். யுத்த நாட்களில் ஒருமுறை வீட்டுச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மறுநாள் விட்டார்கள். வந்து குளித்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்தார். என்ன நடந்தது என்று அம்மா அழுதழுது கேட்டார். "ஒண்டுமில்ல. இருக்கச் சொன்னாங்க, இருந்தன்." அவ்வளவுதான்.

தண்ணீர்ப் போத்தல் உடைந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாருமே அதைச் சிரித்துச் சிரித்துக் கதைத்திருக்கிறோம். நேர்சரிக்குப் போன அந்தக் குட்டியின் வீடு பொரளைச் சந்தியைத் தாண்டி, வீதிக்கு எதிர்ப்பக்கம். அன்றைக்கு நல்ல மழை. வேன் நின்றதும் எதிர்க் கேற்றில் அவளுடைய நாய்க்குட்டி நின்று குரைத்தது. அப்பா சுற்றி வருவதற்குள் யாரோ கதவைத் தள்ளிவிட்டோம். குட்டி குதித்து வேனின் முன்பக்கமாக ஓடினாள். அப்போதுதான் ஒரு பஸ் எங்கள் வேனை முந்திக்கொண்டு வந்தது.

அப்பா வேனின் மூக்கடியில் வைத்து அவளுடைய பையின் வாரைப் பிடித்து இழுத்தார். அவள் அப்பாவின் வயிற்றில் வந்து மோதினாள். கழுத்தில் தொங்கிய போத்தல் கழன்று பறந்து பஸ் சில்லின் கீழ் போனது. "டப்" என்று ஒரு சத்தம். தோடம்பழத் தண்ணீர் வீதியெல்லாம் தெறித்தது. நாங்கள் வேனுக்குள் உருண்டு உருண்டு சிரித்தோம். குட்டியும் சிரித்தாள். பஸ் நிற்காமல் போய்விட்டது.

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தார். அவளுடைய தாயிடம், "போத்தில் உடைஞ்சிட்டுது மிஸ், நாளைக்குப் புதுசு கொண்டாறன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். போத்தல் உடைந்த அன்று பின்னேரம் அவர் சாப்பிடவில்லை. கிணற்றடியில் நெடுநேரம் கைகழுவிக்கொண்டு நின்றார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் அது எங்கள் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

முதல் முறை வந்தது அதற்குச் சில கிழமைகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து அப்பா குசினி நிலத்தில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஞாயிறு சமையலில் அவருடைய வேலை அது. நான் பக்கத்தில் இருந்து துருவலைக் களவாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன். தேங்காய்ப் பாதி அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. அவர் பக்கவாட்டில் சரிந்தார். கண் இறுக மூடியிருந்தது. தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கையும் காலும் உதறின. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நெடுநேரத்துக்குப் பிறகு அது தானாகத் தணிந்தது. அப்பா கண் திறந்து எங்கள் இருவரையும் பார்த்து, "என்ன?" என்றார். அம்மா களைப்பு என்று முடிவு செய்து மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தார்.

இரண்டாவதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பள்ளி விட்டு வருகிறோம். பொரளையில் கனத்தை மயான மதிலைக் கடந்து, குட்டியின் வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம். நான் முன் சீட்டில் இருந்தேன். அப்பா தலையை ஒருமுறை உலுப்பினார். பிறகு சிக்னல் போட்டு, வேனை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைக் கழற்றி என் மடியில் வைத்தார். "பயப்படாத" என்று சொல்ல வாயெடுத்தார் போலிருந்தது. சொல்லி முடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் விழுந்தார். ஹோர்ன் விடாமல் அடித்தது.

அந்த ஹோர்ன் சத்தம்தான் உங்களுக்கெல்லாம் ஞாபகம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஞாபகம் இருப்பது கரண்டி. எதிர்க் கடை முதலாளி "மொக்கத வுணே? மொக்கத வுணே?" என்று, என்ன நடந்ததெனச் சிங்களத்தில் கேட்டபடி ஓடிவந்தார். நல்ல மனிதர், அப்பாவைத் தூக்கிப் புல்லில் கிடத்தினார். தன்னுடைய கடைச் சாவிக்கொத்தை அப்பாவின் கைக்குள் திணித்தார். இன்னொருவர் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு கரண்டியைக் கொண்டுவந்து பல்லுக்கிடையில் வைத்து நெம்பினார். உதடு கிழிந்து சேர்ட்டெல்லாம் இரத்தம். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கே தெரியும், எந்த வலிப்பானாலும் வாயில் எதையும் வைக்கக்கூடாதென்று. அன்றைக்கு அதுதான் உதவி. அந்தத் தழும்பு அப்பாவின் கீழுதட்டில் கடைசிவரை இருந்தது.

அடுத்த கிழமையே உங்கள் வீடுகளிலிருந்து ஆள் வந்தது. "குறை நினைக்காதீங்க" என்று தொடங்கி இனிப் பிள்ளையை வேனில் அனுப்ப ஏலாது என்ற ஒரே விஷயத்தை எல்லாரும் சொன்னார்கள். நான் குறை நினைக்கவில்லை. நானும் பிள்ளைகளைப் பெற்றவள், நானும் அதையே செய்திருப்பேன். அப்பாவும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனைக் கொண்டுவந்து எங்கள் ஒழுங்கையில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். மாதா சுரூபத்தை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று மருந்து கொடுத்தார்கள். குளிசை போட்டால் அப்பா மத்தியானம்வரை நித்திரை. எழும்பினாலும் முகம் பழைய முகமாக இல்லை. பல் முரசு வீங்கியது. நடை தள்ளாடியது. ஆனால் விழுவது குறையவில்லை, கூடியது. நாட்கள் போக அவர் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். வருவதற்கு முன்னால் எழுந்து தனியாகப் போய்விடுவார். கிணற்றடிக்கோ, வேனுக்குப் பின்னாலோ. நாங்கள் தேடிப்போனால் மண்ணில் கிடப்பார். அம்மா வீட்டுச் செலவுக்காகப் பள்ளிச் சட்டைகள் தைக்கத் தொடங்கினார். காலையில் கண் விழிக்கும்போதே தையல் மெஷின் சத்தம் கேட்கும்.

பிறகு தலையில் வயர் ஒட்டிப் பார்க்கிற பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவும் நானும் வெளியே மர வாங்கில் இருந்தோம். அம்மாவின் அண்ணா, என் பெரியமாமா, துறைமுகத்தில் கிளார்க், அவர்தான் உள்ளே போய் டொக்டரோடு இங்கிலீசில் கதைத்தார். வயர் ஒட்டியிருக்கும்போதே அப்பாவுக்கு வந்துவிட்டதாம். அது நல்லதாய்ப் போயிற்று என்றாராம் டொக்டர். வேறு ஒரு கிளினிக்குக்குத் துண்டும் எழுதிக் கொடுத்தார்.

பெரியமாமா அதை வீட்டில் வைத்துத்தான் விளக்கினார். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். தலைமயிரில் அந்த வெள்ளைப் பசை காய்ந்து கிடந்தது.

"மூளையில கரண்ட் எல்லாம் ஒழுங்கா இருக்குதாம்," என்றார். "ஆள் கிடந்து உதறேக்கயும் ஒழுங்காத்தான் இருந்ததாம்."

"அப்ப என்ன வருத்தம்?" அம்மா கேட்டார்.

"வருத்தம் ஒண்டும் இல்ல. இந்தத் துண்டைப் பார், விசர் ஆக்களின்ட மனநோய்க் கிளினிக்குக்கு எழுதியிருக்கு. நடிப்பு, தங்கச்சி."

"என்னண்ணா கதைக்கிறீங்க?"

"யோசிச்சுப் பார். உண்மையா வலிப்பு வாற மனுசன் சிக்னல் போட்டு ஓரங்கட்டுவானா? ஹேண்ட்பிரேக் இழுப்பானா? சாவியைக் கழட்டி மகள்ட மடியில வைப்பானா? உனக்கு விளங்கேல்லையா? வேன் ஓடிக் களைச்சுப்போனான். வீட்டில இருந்து தின்னப் பாக்கிறான்."

அம்மா துண்டை மடித்து மாதா சுரூபத்தின் கீழ் வைத்தார். உள்ளறையில் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அப்பா நித்திரை இல்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி அம்மா சாகும்வரை கதைக்க விரும்பியதில்லை. அம்மா கெட்டவர் இல்லை. தைத்துத் தைத்து விரலெல்லாம் ஊசிக்குத்து, வாடகை, நான், இவற்றுக்கு நடுவில் புருஷன் நடிக்கிறார் என்று படித்த அண்ணன் சொல்கிறார். அம்மா அப்பாவோடு கதைப்பதை நிறுத்தினார். சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் சத்தமாக வைத்துவிட்டுப் போவார்.

ஒரு பின்னேரம் அப்பா நடு ஹோலிலேயே விழுந்தார். எழுந்து போக நேரம் கிடைக்கவில்லை போல. அம்மா அரிசி களைந்த சட்டியோடு குசினியிலிருந்து வந்தார். பார்த்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் கால்களைக் கடந்து முற்றத்துக்குப் போனார். தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

நான் அப்பாவின் தலைமாட்டில் இருந்தேன். பிடிக்கப் பயம். அவருடைய சேர்ட் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டேன். தலை நிலத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கண்டேன், இறுக மூடிய கண்களின் ஓரத்தால் கண்ணீர் வழிந்து காதுக்குள் போகிறது. ஒரு சத்தமும் இல்லாமல், நிற்காமல் வழிகிறது.

"அம்மா," என்று கத்தினேன். "அப்பா அழுறார்."

"விடு."

"இல்லம்மா, வந்து பாருங்க. காதெல்லாம் தண்ணி."

அம்மா வாசலில் வந்து நின்றார். சட்டியை அப்படியே நிலத்தில் வைத்தார். பக்கத்தில் வந்து குனிந்து, அப்பாவின் காதோரத்தைப் பெருவிரலால் தொட்டுப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு தைத்துக்கொண்டிருந்த சட்டைத் துணிகளை அள்ளி வந்து தலைக்குக் கீழ் வைத்தார். உதறல் ஓய்ந்ததும் அப்பா கண் திறந்தார்.

"நாளைக்கு அந்தக் கிளினிக்குக்குப் போவம்," என்றார் அம்மா. அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் வசனம்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு பெண். சிங்களவர். மட்டக்களப்பில் வேலை செய்தபோது பழகிய தமிழ், சிங்களச் சாயலோடு மெதுவாக வரும். என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் நானும் உள்ளே மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்தேன். டொக்டர் பழைய துண்டுகளை நெடுநேரம் வாசித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்:

"நீங்க நடிக்கிறது எண்டு யாரும் சொன்னதா?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மாதான், "என்ட அண்ணா..." என்று இழுத்தார்.

"இது நடிப்பு இல்ல," என்றார் டொக்டர். "உண்மையான வருத்தம். காக்கா வலிப்பில மூளையில கரண்ட் குழம்பும். இவருக்குக் கரண்ட் குழம்புறது இல்ல. அதுதான் அந்த மருந்து வேலை செய்யல்ல. ஆனா விழுறது உண்மை, உதறுறது உண்மை. இவர் வேணுமெண்டு செய்யிறது இல்ல. நிப்பாட்டவும் ஏலாது."

"கரண்ட் சரி எண்டா பிறகு ஏன் டொக்டர் உதறுது?" அம்மா கேட்டார்.

டொக்டர் பேனையை வைத்தார். "மிஸிஸுக்கு ரத்தம் கண்டா என்ன செய்யும்?"

அம்மா திகைத்துப்போனார். "எனக்கா? தலை சுத்தும். இவள் ஒருக்கா விழுந்து முழங்கால் வெடிச்சு வந்த நேரம், ரத்தத்தைக் கண்டு நானும் விழுந்திட்டன்."

"நடிச்சு விழுந்ததா?"

"ஐயோ இல்ல!"

"பிள்ளைக்கு உதவி செய்ய வேண்டிய நேரம் விழுந்தீங்க. விருப்பத்தில விழுந்ததா?"

அம்மா சிரிக்கப் போனார். சிரிப்பு வாயிலேயே உடைந்து அழுகையானது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மனசுக்குத் தாங்க ஏலாத ஒண்டு வந்தா உடம்பு தன்ட பாட்டில ஒரு வேலை செய்யும்," என்றார் டொக்டர். "உங்களுக்கு மயக்கம். இவருக்கு இது. இவருக்கே தெரியாம நடக்குது."

அப்பா முதல் முறையாக வாய் திறந்தார். "அப்ப எனக்கு விசர் எண்டு சொல்லுறீங்க."

"இல்ல. உங்களுக்கு ஒரு வருத்தம் எண்டு சொல்லுறன். சுகமாக்கப் பாக்கலாம் எண்டும் சொல்லுறன்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்டார்: "டொக்டர், வேனில வந்த அண்டைக்கு இவர் ஹேண்ட்பிரேக் போட்டவர். சாவியும் கழட்டினவர். அதாலதான் எல்லாரும்..."

டொக்டரின் முகம் மலர்ந்தது. அதை நான் மறக்கவில்லை. கதிரையை அப்பா பக்கம் இழுத்துப் போட்டார். "ஹேண்ட்பிரேக் போட்டீங்களா? அப்ப வாறதுக்கு முந்தியே உங்களுக்குத் தெரியுதா?"

அப்பா யோசித்தார். "தெரியும். சத்தமெல்லாம் தூரத்துக்குப் போகும். பாதம் ரெண்டும் இல்லாத மாதிரி இருக்கும். பிறகு ஒண்டும் தெரியாது."

"நல்லது," என்றார் டொக்டர். "மிச்சம் நல்லது. அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே, அதுதான் எங்களுக்குப் பிடிக்கிறதுக்கு இடம்."

பெரியமாமா குற்றமாகக் காட்டிய அதே விஷயம்தான். இந்த டொக்டர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். வேனில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் காப்பாற்றிவிட்டுத்தான் அவர் விழுந்திருக்கிறார் என்று எனக்கு விளங்க இன்னும் வயது வேண்டியிருந்தது.

குளிசையை நாங்களாக நிறுத்தக்கூடாது, தான் சொல்லச் சொல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்றார் டொக்டர். தான் சொல்லும்வரை வேன் ஓட்டக்கூடாது. விழுந்தால் கையைக் காலைப் பிடித்து அமுக்கக்கூடாது. சாவி வேண்டாம், கரண்டி வேண்டாம், கூட்டம் கூட வேண்டாம். தலைக்கு மெத்தென்று ஏதாவது வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து மெதுவாகக் கதைக்க வேண்டும். அறிகுறி வரும்போது அப்பா பாதங்களை நிலத்தில் அழுத்தி, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆனது. "கதவு, கலண்டர், கிழிஞ்ச பாய், உன்ட மூக்கு" என்று அப்பா சொல்வார். நான் சிரிப்பேன். சில நாள் அது வந்த வழியே திரும்பிப் போனது. சில நாள் "கலண்டர்" என்பதோடு குரல் அறுந்து விழுந்துவிடுவார். அம்மா பக்கத்தில் இருந்து, "நான் இஞ்சதான் இருக்கிறன், ஒண்டும் அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், தையலையும் விடாமல்.

கிளினிக்குக்குத் தொடர்ந்து போனார்கள். போகப்போக என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது நான் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அம்மாவுக்கே தெரியாது. வீட்டில் ஒரு படம் இல்லை. அவருடைய ஆத்துமாவுக்காக யாரும் ஒரு பூசை கொடுத்ததாகக்கூட நினைவில்லை. இருவரும் சிறுபிள்ளைகள். துறைமுகப் பக்க வீதியைக் கடந்து கடைக்குப் போகும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி அவர்களுடைய தாய் அனுப்பியிருக்கிறார். வழியில் ஏதோ கீழே விழுந்ததை எடுக்க அப்பா ஒருகணம் கையை விட்டிருக்கிறார். ஒரு லொறி.

அப்பா இதை டொக்டரிடம் சிங்களத்தில்தான் சொன்னாராம். தமிழில் அவருக்கு வாய்க்கு வரவில்லை. ஒரே ஒரு வசனம் மட்டும் தமிழில் சொன்னார். பிள்ளையைத் தூக்கிவந்து பாயில் கிடத்தியபோது அவருடைய தாய் அவரைப் பார்த்துச் சொன்னது: "உன்ட கையிலதானே தந்தனான்."

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் யாருக்கும் என்ன வாயில் வரும் என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அப்பா அந்த வசனத்தோடு வளர்ந்து, பெரியவராகி, ஒரு வேன் வாங்கி, ஊரான் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கைபிடித்துக் கேற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. டொக்டரும் அப்படிச் சொல்லவில்லையாம். "ஒண்டைப் பிடிச்சு இதுதான் எண்டு சொல்ல வேணாம். நிறைய இருக்கும்" என்றாராம். சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவரை வைத்திருந்த அந்த ஒரு இரவைப் பற்றி அவர் டொக்டரிடமும் சொன்னாரோ தெரியாது. எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஒரேயடியாகச் சுகம் வரவில்லை. சொல்லத் தொடங்கிய புதிதில் இன்னும் கூடுதலாக விழுந்தார். அம்மா பயந்துபோய் இனிப் போகவேண்டாம் என்றார், அப்பாதான் போவோம் என்றார். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. கிழமைக்கொருமுறை, மாதத்துக்கொருமுறை, பிறகு எப்போதாவது. குளிசை குறையக் குறைய அவருடைய பழைய முகம் திரும்பி வந்தது. வேனை விற்றார். டொக்டர் பின்னொரு காலத்தில் ஓட்டலாம் என்று சொன்னார், ஆனால் பிள்ளைகளை ஏற்றி ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை ஸ்டோரில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய்வருவார். சேர்ட்டில் புதுத் துணி மணத்தோடு வீட்டுக்கு வருவார்.

பெரியமாமா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அம்மா அவரிடம் டொக்டர் சொன்னதை ஒருநாள் முழுதாகச் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வைத்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சீனி தூவிய நீளமான கிம்புலா பனிஸ் வாங்கிக்கொண்டு வருவார். அப்பாவும் அவரும் வாசற்படியில் இருந்து அதைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் கதைக்கமாட்டார்கள். அப்படியே ஒரு ஆயுள் போயிற்று.

அப்பா விழத் தொடங்கியதற்கு அடுத்த வருஷம் கோயில் திருவிழா. ஊர்வலம் பார்க்க மூவரும் போனோம். அம்மா அவரிடம் இருந்த ஒரே நல்ல பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார், பாசிப்பச்சை நிறம். வீதி முழுக்கச் சனம். பாண்ட் வாத்தியம், மெழுகுதிரிப் புகை, வறுத்த கடலை மணம். சுரூபம் எங்கள் பக்கம் வரும்போது கூட்டம் நெருக்கித் தள்ளியது. எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் தாயின் கை நழுவி நெரிசலுக்குள் அலறினான். உடனே யாரோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகுவது தெரிந்தது.

நான் அவரைப் பார்த்தேன். இனி வழக்கம்போல எங்களை விட்டுவிட்டு எங்காவது மறைவுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். போகவில்லை. அம்மா பக்கம் திரும்பினார்.

"இஞ்ச," என்றார். "வருது போல கிடக்கு. கொஞ்சம் என்னோட இரு."

எனக்குத் தெரிந்து அப்பா தனக்காக யாரிடமும் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. அந்தச் சனத்துக்கு நடுவில், வீதியோரக் கல்லில், பட்டுச் சேலையோடு அப்படியே இருந்தார். அப்பாவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். நான் மற்றப் பக்கம் இருந்தேன். ஆட்கள் எங்களை விலத்திக்கொண்டு போனார்கள். ஒரு பெண் குனிந்து, "என்ன, சுகமில்லையா?" என்று கேட்டார். "இல்ல, சும்மா இருக்கிறம்" என்றார் அம்மா. யாருடைய மெழுகுதிரியோ சரிந்து அம்மாவின் சேலையில் சொட்டியது. அம்மா தட்டிவிடவில்லை. அப்பாவின் கை நடுங்கியது, பிறகு தோள் நடுங்கியது. அவர் விழவில்லை. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, கண்ணைத் திறந்தபடி அழுதார்.

ஊர்வலம் எங்களைக் கடந்து போனது. பாண்ட் சத்தம் தூரத்துக்குப் போனது. வீதி காலியாகி, கடலை சுற்றிய காகிதச் சரைகள் மட்டும் கிடந்தன. அப்பா சேர்ட் கையால் முகத்தைத் துடைத்தார்.

"எழும்புவமா?" என்று கேட்டார்.

"என்ன அவசரம்," என்றார் அம்மா. "இன்னும் கொஞ்சம் இருப்பம்."